ஆறாயிரம் டாலருக்கு ஓர்லாண்டோ: போகலாமா, வேண்டாமா?

கேள்வி, 11 ஏப்ரல் 2025

அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பையன் மூன்றாம் வகுப்பு, பெண்ணுக்கு இரண்டரை வயது. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். ஓர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னிக்கு நான்கு நாள் போனால் தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து 6,000 டாலர் ஆகும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். இவ்வளவு கொட்டிக் கொடுக்க அது இன்னமும் தகுமா? போய்வந்தவர்கள் சொல்லவும்.

பதில், 11 ஏப்ரல், இரவு

தகாது. 6,000 டாலர் இருந்தால், நெருக்கிப் பிடித்து நான்கு பேர் சென்னைக்கே போய்வந்துவிடலாம். அங்கே பாட்டி வீட்டில் பிள்ளைகளுக்கு வரிசையும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது.

12 ஏப்ரல்

நேற்று எழுதியது எரிச்சலில் எழுதியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் இதே நிலைமைதான். எட்டு வயதுப் பையன், ஜூலையில் விழுப்புரத்திலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், மனைவி ஒரு மாதமாக ஓர்லாண்டோ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கேள்வியைப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்புதான் விலைப் பட்டியலைப் பார்த்து மடிக்கணினியை மூடியிருந்தேன்.

நான் கடைசியாகப் போனது 2016-ல், கல்யாணத்துக்கு முன்னால், அறைத் தோழர்கள் நான்கு பேரோடு. அதற்கு முந்தைய வருடம்தான் அங்கே டிஸ்னியின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தின் ஒரு நாள் டிக்கெட் முதல்முறையாக நூறு டாலரைத் தாண்டியிருந்தது. அப்போதே புலம்பினோம். ஆனால் வரிசையைத் தவிர்க்கும் 'ஃபாஸ்ட்பாஸ்' டிக்கெட்டோடு இலவசமாக வந்தது. 2021 அக்டோபரில் அந்த வசதிக்குத் தனிக் கட்டணம் வந்தது, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலரில் தொடங்கினார்கள். இப்போது அதற்குப் பெயர் 'லைட்னிங் லேன்'. மின்னல் வரிசை. பர்சில் விழும் மின்னல் என்று வைத்துக்கொள்ளலாம்.

1971 அக்டோபர் 1-ல் அந்தப் பூங்கா திறந்தபோது நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர். இன்றைய மதிப்புக்கு மாற்றினால் ஏறக்குறைய 28 டாலர். அதை வைத்துப் பார்த்தால் இன்று வாங்குவது பகல் கொள்ளை.

14 ஏப்ரல்

புத்தாண்டும் அதுவுமாகத் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்றரை டாலர் உள்ளே நுழைய மட்டும். எதில் ஏறினாலும் தனிச் சீட்டு. 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து வகைச் சீட்டுகள் கொண்ட புத்தகம் விற்றார்கள். குதிரை ராட்டினம் போன்ற சாதுவான சங்கதிகளுக்கு 'ஏ', எல்லோரும் மொய்க்கும் ராட்டினங்களுக்கு 'ஈ'. பெயர்ப் பொருத்தம் நான் செய்ததல்ல. ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்ற ஏற்பாடு 1982-ல்தான் வந்தது. ஆக, 28 டாலரோடு ஒப்பிட்டு நான் போட்ட கணக்கு செல்லாது.

ஆனால் யோசித்தால் இன்னொன்று தெரிகிறது. 1982-ல் ஒழித்த 'ஈ' சீட்டை 2021-ல் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்று அதில்லாமல் ஏற முடியாது. இன்று ஏறலாம், வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால்.

15 ஏப்ரல்

கேட்டவருக்கு ஓர் அவசரச் செய்தி. மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு அங்கே டிக்கெட்டே வேண்டாம். மூன்று முதல் ஒன்பது வரை 'சிறுவர்' டிக்கெட் என்று பெயர், ஆனால் சலுகை ஐந்தாறு டாலரைத் தாண்டாது. பத்து வயதானால் முழு டிக்கெட். உங்கள் பெண்ணின் பிறந்தநாள் எந்த மாதம் என்று பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். எங்கள் ஊர்ப் பேருந்தில் அரை டிக்கெட்டுக்கு வயதைக் குறைத்துச் சொன்ன பரம்பரையில் வந்தவர்கள் நாம். இங்கே சட்டப்படியே கிடைக்கிறது.

23 மே

போவதாக முடிவாகிவிட்டது. என்னைக் கேட்டு அல்ல.

நேற்று ஓர்லாண்டோவில் யூனிவர்சல் நிறுவனத்தின் 'எபிக் யூனிவர்ஸ்' திறந்திருக்கிறது. 1999-க்குப் பிறகு அங்கே வரும் முதல் பெரிய பூங்கா. போட்டி வந்தால் விலை இறங்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஒரே தெருவில் இரண்டு நகைக்கடை வந்தால் சேதாரம் குறைந்ததுண்டா என்று கேட்டேன்.

29 ஜூலை

போய்வந்துவிட்டோம். இரண்டு நாள் பூங்கா, மூன்று இரவு வெளியே தங்கல். நீளமாக எழுதப்போகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் நடத்துநர். கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு மனிதர்கள் தெரிய மாட்டார்கள், தலைகள்தான் தெரியும். மேஜிக் கிங்டத்துக்கு வண்டியை நிறுத்திவிட்டு நேராக நுழைந்துவிட முடியாது. ஏரியைத் தாண்ட வேண்டும், படகிலோ ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ. படகில் ஏறினோம். எனக்கு எதிர்க்கரையில் கோட்டை தெரிகிறதா என்ற கவலை. அப்பா படகில் எத்தனை பேர் ஏறினார்கள், கதவு திறந்து மூட எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் "தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேட்டை இவனிடம் கொடுக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. வாசலிலேயே தள்ளு நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். பையிலே எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். சொந்தச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக டிஸ்னியில் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. சாப்பாட்டுக் கடைகளில் கேட்டால் குடிக்க ஐஸ் தண்ணீர் காசில்லாமல் தருவார்கள். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு நூறு டாலராவது மிஞ்சும்.

மதியம் இரண்டு மணிக்கு மேகம் கறுத்தது. ஃபுளோரிடாவில் ஜூலை என்றால் அநேகமாக தினமும் இதுதான். இடி இடித்தால் திறந்தவெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். மின்னல் வரிசைக்குப் பணம் கட்டியவர்களும் கட்டாதவர்களும் அசல் மின்னலுக்குப் பயந்து ஒரே கூரையின் கீழ் நின்றோம். அந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம் அது. எலுமிச்சை சாதம் அங்கேதான் தீர்ந்தது.

கூரையின் கீழ் நிற்காத நேரத்தில் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு'. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த படகுச் சவாரியின் வாரிசு. பொம்மைகள் ஆடும், ஒரே பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பையன் கொட்டாவி விட்டான். அம்மா வெளியே வந்ததும் "இன்னொரு முறை" என்றாள். மூன்று முறை போனோம். படகு நிற்காமல் வந்துகொண்டே இருப்பதால் அங்கே வரிசை வேகமாகக் கரைகிறது. 'பீட்டர் பேன்' சவாரியில் குட்டிக் கப்பலுக்கு இரண்டு மூன்று பேர்தான், அதனால் அங்கே எப்போதும் கூட்டம் தேங்கி நிற்கும். ராட்டினம் நன்றாக இருக்கிறதா என்பதை வைத்து வரிசை நீள்வதில்லை, மணிக்கு எத்தனை பேரை விழுங்குகிறது என்பதை வைத்தே நீள்கிறது. இது அப்பா சொன்னது.

இப்போது கணக்கு.

டிஸ்னி டிக்கெட் ஐந்து பேருக்கு 765. இரண்டாம் பூங்கா டிக்கெட் 550. விடுதி 435. பெட்ரோல் 102. வண்டி நிறுத்த 65. சாப்பாடு 380. காது வைத்த தொப்பி, சோப்புக் குமிழி விடும் கோல், இன்னும் என்னென்னவோ 96. மொத்தம் 2,393 டாலர்.

பையன் ராட்டினங்களில் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு நாளும் சேர்த்து எழுபது நிமிடம். நிமிடத்துக்கு 34 டாலர். எனக்குத் தெரிந்த எந்த வக்கீலும் இவ்வளவு வாங்குவதில்லை.

30 ஜூலை

மேலே போட்ட நிமிடக் கணக்கை மனைவி படித்தாள். "திருப்பதியில் ஒன்பது மணி நேரம் நின்றீர்களே, பெருமாளைப் பார்த்தது எத்தனை விநாடி? அதை வகுத்தீர்களா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை. அந்தக் கணக்கை விலக்கிக்கொள்கிறேன். அழிக்க மனமில்லை, கிடக்கட்டும்.

31 ஜூலை

இரண்டாம் பூங்காவுக்கு 550 எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். வெட்கக்கேடான கதை.

விடுதி வரவேற்பறையில் ஒரு மேசை, அதன் பின்னால் சிரித்த முகத்தோடு ஒருவர். தொண்ணூறு நிமிட விளக்கக் கூட்டம், காலைச் சிற்றுண்டி இலவசம், முடிவில் பூங்கா டிக்கெட்டில் 200 டாலர் தள்ளுபடி. பெயர் வேண்டாம், அந்தச் சாலை நெடுக இப்படி மேசைகள் இருக்கின்றன. விற்பது விடுமுறை வீட்டில் வருடத்துக்கு ஒரு வாரப் பங்கு. தொண்ணூறு நிமிடம் மூன்றேகால் மணி நேரமானது. முதல் ஆள் தோற்றதும் அவருடைய மேலாளர், மேலாளர் தோற்றதும் அவருக்கும் மேலே ஒருவர். ஒவ்வொருவர் வரும்போதும் விலை இறங்கியது. ரங்கநாதன் தெருவில் கடையை விட்டு இறங்கி நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடுவார்களே, அதே முறைதான், குளிர்சாதன அறையில் நடக்கிறது.

நான் மொழிபெயர்த்துச் சொல்ல, அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரே வீட்டை ஐம்பத்திரண்டு பேருக்கு விற்கிறான். ஒரு சீட்டை இரண்டு பேருக்குக் கிழித்தாலே என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருப்பார்கள்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

தள்ளுபடி சொன்னபடி கிடைத்தது. அரை நாள் போனது. மணிக்கு அறுபது டாலர் சம்பாதித்ததாக நினைத்துக்கொண்டால் தேறுதல்.

31 ஜூலை, சற்று நேரம் கழித்து

மலிவு டிக்கெட் என்றதும் ஞாபகம் வந்தது. பல நாள் டிக்கெட்டில் மீந்துபோன நாள்களை வழியில் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஃபுளோரிடாவில் அப்படி விற்பதே குற்றம். டிஸ்னி வாசலில் விரலையும் வைத்துப் பார்ப்பார்கள், வேறு விரல் எடுபடாது.

2 ஆகஸ்ட்

இரண்டாம் பூங்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கேதான் எனக்கு இந்த விஷயம் முழுதாக விளங்கியது.

எங்கள் வரிசைக்குப் பலகையில் 60 நிமிடம் என்று போட்டிருந்தது. பக்கத்தில் பணம் கட்டியவர்களின் வாசல். இரண்டும் சேரும் இடத்தில் ஓர் இளைஞன் கையில் கயிற்றோடு நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். அப்பா எண்ண ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் இருபது பேர் போனால் எங்கள் பக்கத்தில் ஆறு பேர். மறுபடி இருபது, மறுபடி ஆறு. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நம் வரிசை மெதுவாக நகர்கிறது என்று நினைக்காதே. நமக்கு ஒதுக்கிய இருக்கையே அவ்வளவுதான். வண்டி அதே வண்டி, நடை அதே நடை. ஓர் இருக்கைகூடக் கூட்டவில்லை."

நான் இதுவரை அந்தக் கூடுதல் கட்டணத்தை ஏதோ வசதிக்குக் கொடுக்கும் விலை என்று நினைத்திருந்தேன். ராட்டினம் மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றும் என்றால் ஆயிரம் பேரைத்தான் ஏற்றும். எனக்கு முன்னால் நுழைபவனுக்கு விற்றது என்னுடைய இடம். கடுப்பாகி நானும் வாங்கினால் எனக்குப் பின்னால் நிற்பவனின் இடத்தை வாங்குகிறேன். வரிசை நீளமாக இருந்தால்தான் அந்தச் சரக்கு விலை போகும் என்கிறபோது, வரிசையைக் குறைக்க யாருக்கு அக்கறை?

டிஸ்னியில் 2024 அக்டோபரில் இன்னும் ஒரு படி மேலே போய் 'பிரீமியர் பாஸ்' கொண்டுவந்தார்கள். நேரம் குறிக்க வேண்டாம், எப்போது போனாலும் தனி வழி. கூட்டமான நாளில் ஆளுக்கு 449 டாலர் வரை, அதுவும் நுழைவு டிக்கெட்டுக்கு மேலே. ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் திருமலையில் வி.ஐ.பி. தரிசனம் என்கிற மாதிரி. இதைச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கே முந்நூறு ரூபாய்க்கும் தரிசனம் உண்டு, காசே இல்லாமலும் உண்டு, மலை மேல் யாரையும் பசியோடு அனுப்புவதில்லை, சாப்பாடும் போடுகிறார்கள்." சரி. ஒப்பீட்டையும் விலக்கிக்கொள்கிறேன். இந்த வாரத்தில் இது இரண்டாவது.

5 ஆகஸ்ட்

டிஸ்னியில் நடந்த ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். பையன் கேட்டதால் விட்டேன். இப்போது அவனே எழுதச் சொல்கிறான், தாத்தா பெயர் வந்தால் போதுமாம்.

'டிரான்' சவாரிக்கு 48 அங்குல உயரம் வேண்டும். பையன் 47-ம் சொச்சமும். வீட்டுக் கதவுநிலையில் பென்சிலால் கோடு போட்டு இரண்டு மாதமாகக் காத்திருந்தான். நான் டிக்கெட் செயலியில் தலையை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தாத்தாவும் பேரனும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ காரியமாக இருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது: கடையில் கொடுத்த காகிதக் கைத்துடைப்பான்களை நான்காக மடித்து, ஷூவுக்குள், குதிகாலுக்கு அடியில். பத்துப் பன்னிரண்டு இருக்கும். பையன் நடந்துவந்த விதம் பரதநாட்டியம் மாதிரி இருந்தது.

அளவுகோலுக்குப் பக்கத்தில் நின்ற பெண் அவனைப் பார்த்தாள். கீழே ஷூவைப் பார்த்தாள். ஷூவின் நாக்குக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே வந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஷூவைக் கழற்றச் சொல்லவும் இல்லை. அவன் உயரத்துக்குக் குனிந்து, அடுத்த முறை நீ வரும்போது நான் இங்கேயே இருப்பேன் என்றாள். பையன் அழவில்லை. தாத்தாதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாதுகாப்புக்காக வைத்த அளவு அது, ஏமாற்றக் கூடாது என்று நான் அப்பாவுக்கு உபதேசம் செய்தேன். முப்பத்தொரு வருடம் படிக்கட்டில் தொங்குபவனை உள்ளே தள்ளிய மனிதருக்கு.

இருவரும் வெளியே நின்று, வண்டி தலைக்கு மேலே சீறிக்கொண்டு போவதை இருபது நிமிடம் பார்த்தார்கள். நான் தனியாகப் போய் ஏறிவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது. யாரிடம் சொல்வது?

9 ஆகஸ்ட்

கேட்டவர் கேட்டது நான்கு நாளுக்கு 6,000. என் தீர்ப்பு: இரண்டு நாள் போங்கள், நான்கு வேண்டாம். மூன்றாம் நாள் பெரியவர்களுக்குக் கால் வீங்கிவிடும், பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் போதும். பையனுக்கு 48 அங்குலம் ஆனபின் போங்கள். பெண்ணுக்கு மூன்று நிரம்புவதற்குள் போங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் அமையாது, அது உங்கள் ஜாதகம். மின்னல் வரிசையை வாங்காதீர்கள். வாசல் திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போய் நின்றால் முதல் ஒன்றரை மணியில் நான்கு ராட்டினம் ஏறிவிடலாம், நாங்கள் ஏறினோம். ஏப்ரலில் 'தகாது' என்று ஒரே சொல்லில் முடித்தவனும் நான்தான் என்பதை யாரும் நினைவூட்ட வேண்டாம்.

12 அக்டோபர்

விலை மறுபடி ஏறிவிட்டது. மேஜிக் கிங்டம் ஒரு நாள் டிக்கெட் உச்ச நாள்களில் 200 டாலரைத் தாண்டியிருக்கிறது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் சென்ற வருடமே தாண்டிவிட்டது, இப்போது 224. 1955-ல் அது திறந்தபோது வாசலில் வாங்கியது ஒரு டாலர். (ராட்டினத்துக்குத் தனி. மறுபடி தவறு செய்ய மாட்டேன்.)

ஆகஸ்ட் மாதத் தீர்ப்பை மாற்றவா என்று யோசித்தேன். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு மட்டும் மாற்றுகிறேன். அப்போது போகாதீர்கள், இனாமாகக் கொடுத்தாலும்.

6 டிசம்பர்

சென்னையில், திருப்போரூர்ப் பக்கம், வொண்டர்லா இந்த வாரம் திறந்திருக்கிறது. 2000-ல் கொச்சியில் வீகாலேண்டாகத் தொடங்கியவர்களின் ஐந்தாவது பூங்கா. தங்கை படங்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நினைவு வந்தது பள்ளிச் சுற்றுலா. விழுப்புரத்திலிருந்து இரண்டு பேருந்து, வீட்டிலிருந்து புளியோதரைப் பொட்டலம், வி.ஜி.பி. வாசலில் அந்தச் சிலை மனிதர். ராட்டினம் ஏறியது ஒன்றுகூட நினைவில் இல்லை. மீசையும் தலைப்பாகையுமாக அசையாமல் நின்றவரைச் சிரிக்கவைக்க நாங்கள் அரை மணி நேரம் குரங்குச் சேட்டை செய்ததும், கணக்கு வாத்தியார் எங்களுக்குப் பின்னால் நின்று தானும் முகத்தைக் கோணிக்கொண்டு முயன்றதும் நன்றாக நினைவிருக்கிறது. சிலை சிரிக்கவில்லை.

21 ஜனவரி 2026

தங்கை பிள்ளைகளோடு அப்பாவும் திருப்போரூர் போய்வந்திருக்கிறார். காணும் பொங்கலன்று கிளம்பியவர்களைத் தடுத்து, செவ்வாய்க்கிழமைக்கு மாற்றியதும் அவர்தான். குரல் செய்தி நான்கு நிமிடம். அதில் மூன்றரை நிமிடம் ஒரு சுற்றுக்கு எத்தனை பேர், இறக்கி ஏற்ற எவ்வளவு நேரம். முந்திப் போக அங்கேயும் தனி டிக்கெட் உண்டாம். வாங்கினீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. தங்கையிடம் கேட்டேன். பேத்திக்கு மட்டும் வாங்கினாராம், தான் வரிசையில் நின்றாராம், எண்ணுவதற்கு.

22 ஜனவரி

ஜூலைக் கணக்கில் அம்மாவின் தள்ளு நாற்காலி வாடகை விட்டுப்போயிருக்கிறது. இரண்டு நாளைக்கு 24 டாலர். மொத்தம் 2,417.